கேட்டதும் கிடைத்த பூட்டு

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தேக்கா நிலையத்தில் மேசை பிடித்துப் பார்த்தவர்களுக்கு என் வேலையை விளக்குவது எளிது. பிரியாணிக் கடையில் வரிசை நீண்டிருக்கும். சூடான தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைய முடியாது. அதனால் முதலில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பிறகு போய் வரிசையில் நிற்போம். இதற்கு இந்த ஊரில் ‘ச்சோப்’ என்று பெயர். சட்டம் எதுவும் இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. இருந்தாலும் இருபது காசு பெறாத அந்தப் பொட்டலத்தை மதித்து நூறு பேர் விலகிப் போவார்கள். விவரம் தெரியாத சுற்றுப்பயணி யாராவது அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, முறைத்துப் பார்ப்பதைத் தவிர.

கணினியில் கோப்புகளுக்குப் போடும் பூட்டு பெரும்பாலும் இந்த டிஷ்யூ பொட்டலம்தான். அதைப் பார்க்கத் தெரிந்தவர் மதிப்பார். பார்க்காதவர் நேராகப் போய் உட்காருவார். நான் ஒன் நார்த் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தில், கோப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் சர்வர் மென்பொருளில், இந்தப் பூட்டுப் பகுதியைப் பராமரிக்கிறேன். “நீ எழுதினதா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை. பெரும்பகுதி எனக்கு முன்னால் உலகில் எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதியது. நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அடுக்குமாடி மின்தூக்கியைப் பழுது பார்ப்பவரைப் போல. ஓடும்வரை எங்களை யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு நான் வந்த கதை சிராங்கூன் சாலையில், ஒரு கடைவீட்டின் மாடியில் தொடங்கியது. அதில் என் தவறும் இருக்கிறது.

2007ஆம் ஆண்டு. அந்த ஜூலையில்தான் பொருள் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குக் காத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, சுற்றுவட்டார உணவகங்களுக்கு மளிகைச் சாமான் கடனுக்குக் கொடுப்பவர், “தம்பி, ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே கணக்கு தெரியணும், செஞ்சு கொடுப்பியா?” என்று கேட்டார். கீழே கடை, மேலே அலுவலகம். மாடிப்படி ஏறும்போதே மஞ்சள்தூள் வாசம் மூக்கில் ஏறும். மேலே இரண்டு பேர். ஒருவர் பகுதிநேரமாக வரும் பெண். மற்றவர் அக்கா. அவர் பெயர் வேண்டாம். அங்கே பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பழைய கணினி ஒன்றைத் துடைத்து, அதில் லினக்ஸ் போட்டு, அதன்மேல் சம்பா என்ற மென்பொருளை நிறுவினேன். சம்பாவுக்கு ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. அன்று எனக்கு அது பெரிய பெருமை.

சம்பா என்ற பெயரைக் கேட்டு நம்மூர்ச் சம்பா நெல் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. உண்மையில் அது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் பிறந்தது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 இறுதியிலும் 1992 தொடக்கத்திலும் அதன் முதல் வடிவத்தை எழுதினார். கணினிகள் கம்பிவழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைக் கவனித்து, அதே மொழியில் பதில் சொல்லும் நிரல் ஒன்றை உருவாக்கினார். அந்த மொழியின் சுருக்கப் பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததுதான் சம்பா. விண்டோஸ் கணினிகளுக்கு, எதிரே இருப்பது லினக்ஸ் என்றே தெரியாது. இன்னொரு விண்டோஸ் என்று நம்பிப் பேசிக்கொண்டிருக்கும்.

பூட்டு எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடங்கில் 40 மூட்டை அரிசி இருக்கிறது. நான் கணக்கைத் திறந்து 40 என்று படிக்கிறேன். 5 விற்றேன், 35 என்று எழுதப் போகிறேன். அதே நொடியில் நீங்களும் 40 என்று படித்து, 10 விற்று, 30 என்று எழுதுகிறீர்கள். யார் கடைசியாக எழுதினாரோ அவர் எண்தான் நிற்கும். இருக்க வேண்டியது 25. திரையில் தெரிவது 30 அல்லது 35. யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கு மட்டும் பொய்யாகிவிட்டது. அலுவலகத்தில் எக்செல் கோப்பைத் திறக்கும்போது, ‘இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று ஓர் அறிவிப்பு வந்து எரிச்சல் மூட்டும் அல்லவா? அந்த எரிச்சல் இல்லாவிட்டால் உங்கள் மூட்டைகள் காணாமல் போகும்.

அக்காவின் கணக்கு மென்பொருள் பழையதுதான், ஆனால் ஒழுங்கானது. ஒரு பதிவைத் திருத்தும் முன் அந்தப் பதிவுக்கு மட்டும் பூட்டுக் கேட்கும். எழுதி முடித்ததும் விட்டுவிடும். பகலில் இரண்டு பெண்களும் ஒரே பேரேட்டில் வேலை செய்தார்கள். ஒரு சிக்கலும் வரவில்லை.

நான் கூடுதலாக ஒன்று செய்து கொடுத்தேன். கடன் வாங்கிய உணவகக்காரர்கள் கீழே கடையில் வந்து பணம் கட்டுவார்கள். அந்த ரசீதுகள் கடைக் கணினியில் ஏறும். அவற்றை அக்கா மறுநாள் ஒவ்வொன்றாகப் பேரேட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்த வேலையை மிச்சப்படுத்த ஒரு சிறு நிரல் எழுதினேன். இரவு 9 மணிக்கு அது சர்வரிலேயே தானாக ஓடும். அன்றைய ரசீதுகளை எடுத்துப் பேரேட்டின் கடைசியில் சேர்க்கும். அக்கா சந்தோஷப்பட்டார். கேம்பல் லேனில் வாங்கிய ஜாங்கிரி கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஓர் உணவகக்காரர் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். பணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது, ஆனால் ‘பாக்கி’ என்று அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. பிறகு இன்னொருவர். அப்புறம் மூன்றாமவர். பணம் எங்கும் போகவில்லை, வங்கியில் பத்திரமாக இருந்தது. பேரேட்டில்தான் பதிவு இல்லை. பேரேடு அக்காவின் பொறுப்பு. “கவனம் இல்லை” என்றார் முதலாளி. அக்கா தன் பதிவுகளை எல்லாம் காட்டினார். அவர் தட்டச்சு செய்தது அத்தனையும் சரியாக இருந்தது. என் நிரல் சேர்க்க வேண்டிய ரசீதுகள்தான் சில நாள்களில் இல்லை. அதுவும் அவருக்கு எதிராகவே திரும்பியது. தன் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார் என்பதுபோல ஒரு பேச்சு வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். சர்வரின் பதிவேடுகளைப் புரட்டினேன். என் நிரல் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஓடியிருந்தது. பூட்டுக் கேட்டிருந்தது, கிடைத்திருந்தது, எழுதியிருந்தது, பிழை ஏதும் இல்லாமல் முடிந்திருந்தது. “சர்வர்ல ஒரு தப்பும் இல்லைங்க” என்றேன். பத்தொன்பது வயது. அதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்த்தார்.

அந்த மாத இறுதியில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரிய இரண்டரை ஆண்டுகள் ஆயின. தேசிய சேவை முடிந்து, வேறோர் அலுவலகத்தில் சேர்ந்து, சம்பாவின் ஆவணங்களை வேறு எதற்காகவோ படித்துக்கொண்டிருந்தேன். ‘ஆப்லாக்’ என்ற தலைப்பின்கீழ் ஓர் எச்சரிக்கை இருந்தது. அதைப் படித்ததும் உள்ளங்கை வியர்த்தது.

ஆப்லாக்கைப் புரிந்துகொள்ள விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலை வேறு யாரும் கேட்கவில்லை என்றால் நூலகம் உங்களை வீட்டுக்கே எடுத்துப்போகச் சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நூலகம் வந்துபோக வேண்டியதில்லை. வேறொருவர் கேட்டால் உங்களுக்கு அழைப்பு வரும், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோப்புச் சர்வரும் அப்படித்தான். கோப்பை ஒருவர் மட்டுமே திறந்திருந்தால், “நீயே உன் கணினியில் வைத்து எழுதிக்கொள், யாராவது வந்தால் சொல்கிறேன், அப்போது அனுப்பு” என்று சொல்லிவிடும். இதனால் வேகம் கூடுகிறது. எழுதுவது மட்டுமல்ல, போடும் பூட்டுகளும் அந்தக் கணினியிலேயே இருந்துவிடும். சர்வருக்கு வராது. வேறு யாரும் இல்லாதபோது பூட்டு யாருக்குக் காட்ட?

பகலில் இரண்டு பேர் பேரேட்டைத் திறந்திருந்தார்கள். அதனால் வீட்டுக்கு எடுத்துப்போகும் சலுகை யாருக்கும் இல்லை. எல்லாம் சர்வரிலேயே நடந்தது. மாலை ஆறு மணிக்குப் பகுதிநேரப் பெண் கிளம்பிவிடுவார். காலாண்டு முடிவில் வரிக் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டிய வாரங்களில் அக்கா மட்டும் இருந்து வேலை செய்வார். அப்போது சலுகை அவருக்குக் கிடைத்தது. அவர் எழுதிய பதிவுகளும் பூட்டுகளும் அவர் மேசைக் கணினியிலேயே இருந்தன. 9 மணிக்கு என் நிரல் எழுந்தது. அது சம்பாவின் முன்வாசல் வழியாக வரவில்லை, சர்வருக்குள்ளேயே, பின்வாசல் வழியாகக் கோப்பைத் திறந்தது. பூட்டுக் கேட்டது. அங்கே எந்தப் பூட்டும் இல்லை, அதனால் கேட்டதும் கிடைத்தது. பேரேட்டின் கடைசி என்று தான் நினைத்த இடத்தில் இருபது ரசீதுகளை எழுதிவிட்டுப் போனது. சற்று நேரத்தில் அக்காவின் கணினி, தன்னிடம் இருந்த பதிவுகளை அதே இடத்தில் கொண்டுவந்து எழுதியது. ‘மொத்தம் இத்தனை பதிவுகள்’ என்ற எண்ணையும் தன் கணக்குப்படி மாற்றியது. ரசீதுகளில் சில அடியில் நசுங்கின. மீதி, எண்ணிக்கைக்கு வெளியே போய்விட்டன.

பின்வாசலுக்கும் ஒரு மணி உண்டு. லினக்ஸ் கெர்னலின் உதவியோடு, யார் எந்த வழியாகக் கோப்பைத் திறந்தாலும் சம்பாவுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு அன்றே இருந்தது. அதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி. நான்தான் அதை ‘வேண்டாம்’ என்று மாற்றியிருந்தேன். ஏதோ ஓர் எச்சரிக்கைச் செய்தி பதிவேட்டை நிரப்பிக்கொண்டே இருந்தது. அந்த வரியை மாற்றினால் செய்தி நிற்கும் என்று எங்கோ படித்தேன். செய்தி நின்றது. மணியையும் கழற்றிவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பொறிகளை யார் வைத்தார்கள் என்று அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. விண்டோஸ் உலகமும் யூனிக்ஸ் உலகமும் பூட்டைப் பற்றி வெவ்வேறு விதமாக நினைத்தன. விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே “நான் வைத்திருக்கும்வரை வேறு யாரும் எழுதக்கூடாது” என்று சொல்லலாம். யூனிக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸில் நூறாவது பைட்டிலிருந்து இருநூறு வரை பூட்டினால், அதே நூறிலிருந்து இருநூறு வரைதான் திறக்க முடியும். யூனிக்ஸில் நடுவில் கொஞ்சத்தை மட்டும் திறந்துவிடலாம். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்க, யார் எதைப் பூட்டியிருக்கிறார்கள் என்று சம்பா தனியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டைப் பலர் ஒரே நேரத்தில் எழுதிக் கெடுக்காமல் இருக்க, அதற்கும் பூட்டு வேண்டும்.

யூனிக்ஸ் பூட்டில் இன்னொரு விநோதம் உண்டு. 1988இல் போசிக்ஸ் என்ற பொதுத் தரம் வந்தபோது அதுவும் எழுத்தில் ஏறிவிட்டது. ஒரு நிரல் ஒரே கோப்பை இரண்டு முறை திறந்து, ஒரு வழியில் பூட்டுப் போட்டுவிட்டு, மற்ற வழியை மூடினால், போட்ட பூட்டு எல்லாம் போய்விடும். தேக்காவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். குடும்பத்தோடு சாப்பிடப் போகிறீர்கள். நான்கு இடத்துக்கு டிஷ்யூ வைத்திருக்கிறீர்கள். மகன் மட்டும் சீக்கிரம் முடித்துத் தட்டைக் கொண்டுபோய்த் திருப்பி வைக்கிறான். உடனே துப்புரவு ஊழியர் வந்து நான்கு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ‘உங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிட்டதே’ என்கிறார். நீங்கள் சாதத்தோடு திரும்பி வரும்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பாவை நீண்டகாலம் வளர்த்த ஜெரமி ஆலிசன், இந்த நடத்தை தரமாக நிலைத்த கதையை 2005இல் வந்த ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். முதலில் யாரோ எழுதிய நிரல் எப்படி இருந்ததோ அப்படியே விதியாகிவிட்டது. விதியான பிறகு அதை நம்பிப் பல்லாயிரம் நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. இனி மாற்ற முடியாது.

மாற்ற முடியாததை என்ன செய்வது? பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். லினக்ஸ் கெர்னலின் பூட்டுப் பகுதியைப் பராமரிக்கும் ஜெஃப் லேட்டன், கோப்பை மூடினாலும் மற்ற பூட்டுகளைக் கலைக்காத புதுவகைப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 2014இல் வந்த லினக்ஸ் 3.15இல் அது சேர்ந்தது. பத்தாண்டு கழித்து 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்திலும் ஏறியது. ஒரு சின்னத் தவறுக்கு அருகில் ஒரு சரியான கதவு வைக்க முப்பத்தாறு ஆண்டுகள். என் சக ஊழியர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது வேகமான வேலையாகவே படுகிறது.

அகற்றுவதும் பராமரிப்புதான். மதித்தால் மதி என்று விடாமல், கெர்னலே தடுத்து நிறுத்தும் கட்டாயப் பூட்டு ஒன்றும் லினக்ஸில் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவே நழுவும் ஓட்டை அதில் இருந்தது, நம்ப முடியாதது. பயன்படுத்துவோரும் அநேகமாக இல்லை. 2021இல் லினக்ஸ் 5.15இல் அதை எடுத்தே விட்டார்கள். உடைந்த பூட்டைக் கதவில் தொங்கவிடுவதைவிட டிஷ்யூ பொட்டலம் மேல்.

நம்மவர்களும் இந்தக் களத்தில் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் ‘தண்டர்’ என்ற மீத்திறன் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தார். 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் அது இரண்டாம் இடம் பிடித்தது. பிறகு குளஸ்டர் என்ற கோப்பு முறையைத் தொடங்கினார். அதன் பெரும்பகுதி பெங்களூரில் எழுதப்பட்டது. ஒரே கோப்பைப் பல சர்வர்களில் பிரித்தும் நகலெடுத்தும் வைப்பது அதன் வேலை. அங்கே பூட்டு இன்னும் சிக்கலானது. ஒரே மேசைக்கு மூன்று கட்டடங்களில் டிஷ்யூ வைக்க வேண்டும், மூன்றிலும் ஒரே ஆளின் பொட்டலம் இருக்க வேண்டும், நடுவில் ஒரு கட்டடத்துக்கு மின்சாரம் போனாலும் மற்ற இரண்டும் குழம்பக்கூடாது. 2011 அக்டோபரில் ரெட்ஹேட் நிறுவனம் சுமார் 136 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்குக் குளஸ்டரை வாங்கியது. 2024 முடிவோடு அந்த விற்பொருளுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பொருள் ஓய்வு பெற்றாலும் அதில் இருக்கும் கோப்புகளும் அவற்றின் பூட்டுகளும் ஓய்வு பெறுவதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள எங்காவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மின்சாரம் போவதைப் பற்றிச் சொன்னேன். சர்வர் நின்று மறுபடி எழுந்தால் பழைய பூட்டுகள் எல்லாம் அதற்கு மறந்துபோயிருக்கும். சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை இதை அழகாகக் கையாள்கிறது. தீயணைப்பு ஒத்திகைக்காக உணவங்காடி நிலையத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி திறக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் சில நிமிடம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். புதியவர்கள் வெளியே நிற்க வேண்டும். லினக்ஸில் இந்தச் சலுகை நேரம் வழக்கமாக 90 விநாடி. அந்த 90 விநாடியில் வாடிக்கையாளர்கள் எங்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “சர்வர் வந்துடுச்சு, ஆனா கோப்பு திறக்க மாட்டேங்குது” என்பார்கள். “ரெண்டு நிமிஷம் பொறுங்க” என்பது என் வாயில் தேய்ந்துபோன வாக்கியம்.

சென்ற ஆண்டு ஒரு பிழை. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கணினி பூட்டுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் வரவே வராது. இரண்டு கணினிகள் ஒரே பூட்டுக்காக இரவு முழுக்கச் சண்டை போடும்படி ஒரு சோதனை எழுதினேன். சம்பாவில் இப்படிச் சோதிக்கும் கருவியின் பெயரிலேயே ‘சித்திரவதை’ என்ற சொல் இருக்கிறது, பொருத்தம்தான். ஐந்தாவது வாரம் அகப்பட்டது. ‘பூட்டு காலியா?’ என்று ஒரு கணினி கேட்கிறது. இல்லை என்று பதில். அது காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதப் போகும் அந்த இமைப்பொழுதில் மற்றது பூட்டை விட்டுவிடுகிறது. பட்டியலில் யாரும் இல்லையே என்று யாரையும் எழுப்பாமல் போய்விடுகிறது. இது பெயர் எழுதிவிட்டு, வராத அழைப்புக்காகக் காத்துக் கிடக்கிறது. பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண்ணைக் கூப்பிட்டு முடித்த பிறகு சீட்டு எடுத்த கதை. பெயரை முதலில் எழுது, பிறகு கேள் என்று இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். மேலதிகாரி அந்த மாத அறிக்கையில் ‘இரண்டு வரி மாற்றம்’ என்று எழுதியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் பிழையைத் தேடிய அந்த ஐந்து வாரமும், ‘எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லை’ என்று வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். மறுத்தேன்.

அக்காவைத் தேடிப் போனதை இன்னும் சொல்லவில்லை. காரணம் தெரிந்ததும் முதலில் பழைய முதலாளியிடம் போனேன். அந்தச் சர்வர் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பொறுமையாகக் கேட்டார். “சரி தம்பி, அது முடிஞ்சுபோன விஷயம்” என்றார். அக்காவின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஈசூனில் இருந்தார். வேறோர் அலுவலகத்தில், கணக்கு வேலைக்குப் பதில் வரவேற்பு மேசையில். தேக்காவுக்கு வருகிறேன் என்றார், காய்கறி வாங்க எப்படியும் வர வேண்டுமாம். கீழ்த்தளத்தில் மேசை பிடித்து உட்கார்ந்தோம். நான் நூலகம், பின்வாசல், மணி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்தார். காணாமல் போன ரசீதுகளின் எண்ணும் தேதியும் வரிசையாக எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பத்தியில், அன்று அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய நேரம். 9.40. 10.15. 9.30. 10.05. ஒரு வரியில்கூட 9 மணிக்கு முந்தைய நேரம் இல்லை.

“இதை அப்பவே உங்கிட்ட காட்டலாம்னு கொண்டுவந்தேன் தம்பி. நீ சர்வர்ல தப்பில்லைன்னு சொல்லிட்டே. அப்புறம் எடுக்கலை.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. அவர் விரலால் அந்த நேரங்களைக் கீழ்வரை தடவிக்கொண்டே போனார்.

“அப்போ, எல்லாரையும் மாதிரி நானும் ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தா கணக்கு சரியா வந்திருக்குமா?”

“வந்திருக்கும்க்கா.”

நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். “என் மக வீட்டுக்காரர் இன்னிக்கும் கேலி பண்ணுவாரு, கணக்குல கோட்டை விட்டவன்னு. அவருக்கும் ஒருதரம் வந்து சொல்லு, இதே மாதிரி நூலகம், மணின்னு எல்லாம் சொல்லு” என்று சொல்லிவிட்டு, வெற்றுக் கோப்பைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த சனிக்கிழமை ஈசூனுக்குப் போனேன்.